ஆய்வேட்டிலிருந்து நூல் வரை: 22 மாதங்கள்

கடந்த வாரம் என் முதல் நூல் அச்சுக்குப் போயிற்று. பதிப்பாளரிடம் எழுத்துப்படியை ஒப்படைத்த நாளிலிருந்து கணக்கிட்டால் 22 மாதங்கள். இந்த இடைவெளியில் ஆய்வு மாணவர்கள் பலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவந்தனர்: "ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டோம், அதை நூலாக்க என்ன செய்ய வேண்டும்?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதுவதைவிட ஒரே பதிவாக எழுதிவிடலாம் என்று தோன்றியது. நீண்ட பதிவு, நேரம் வாய்க்கும்போது வாசியுங்கள்.

என் ஆய்வுப் பொருளை அறியாதவர்களுக்கு ஒரு சொல். மேற்கு வங்காளத்தின் கரக்பூரில், ரயில்வே வேலைக்காகத் தெற்கிலிருந்து சென்று மூன்று தலைமுறைகளாகத் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களின் வாய்மொழி வரலாறே அது. அவ்வூரில் தெலுங்கு பேசுவோர் மிகுதி. தமிழர் அவர்களுக்கு அடுத்த வீட்டுக்காரர்கள். 43 பேருடன் பேசிப் பதிவுசெய்தேன். ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுதினேன். நூல் தமிழில் வருகிறது. மொழி மாறியபோது மாறியவை எவை என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

முதலில் தொலைபேசி அழைப்புகளைப் பற்றி. ஆய்வேடுகளை ஷோத்கங்கா மின்களஞ்சியத்தில் ஏற்ற வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி. ஏற்றிய சில வாரங்களிலேயே நூலாக்கித் தருவதாகச் சொல்லும் நிறுவனங்களின் மின்னஞ்சல்கள் வரத் தொடங்கின. வெள்ளி, தங்கம், வைரம் என்று நகைக்கடைத் திட்டங்களைப் போலக் கட்டணப் பட்டியல். முப்பது நாட்களில் நூல் கையில். ஒரு நிறுவனம் ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கென்றே தனித் தொகை கேட்டது. இந்தியாவில் அவ்வெண்ணைக் கல்வி அமைச்சகத்தின் கீழ் இயங்கும் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை கட்டணமின்றி வழங்குகிறது. நூலாசிரியர் தாமே இணையவழி விண்ணப்பிக்கலாம். இதை அறியாமல் உதவித்தொகைப் பணத்தைக் கட்டியவர்களை நான் அறிவேன்.

தம் செலவில் நூல் வெளியிடுவதை இழிவாகக் கருத வேண்டியதில்லை. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது முன்கூட்டியே பலரிடம் கையொப்பம் பெற்றுத்தான் பொருள் திரட்டினார். கும்பகோணத்தில் ஆசிரியர் பணி, சென்னையில் அச்சு; விடுமுறை கிடைத்தபோதெல்லாம் சென்னை சென்று அச்சுப்படிகளைப் பார்த்தார். பணத்தைத் திரட்டியதோடு அவர் வேலை முடியவில்லை. ஏட்டுப் பிரதிகளை ஒப்பிடுவதிலும் அச்சுப்படிகளைத் திருத்துவதிலும் அவரே உழைத்தார். என்னை அழைத்த நிறுவனத்திடம், "என் எழுத்துப்படியை யார் படிப்பார்கள்?" என்று கேட்டேன். "நீங்கள் அனுப்புவது அப்படியே அச்சாகும், மேடம். ஒரு புள்ளியும் மாறாது" என்று அவர்கள் பெருமையாகச் சொன்னார்கள். அந்த மறுமொழியே எனக்குப் போதுமானதாக இருந்தது.

சென்னையிலுள்ள ஒரு சிறு பதிப்பகம் இசைந்தது. ஒப்பந்த வரைவில் எல்லா மொழிகளுக்கும் எல்லா வடிவங்களுக்கும் பதிப்புரிமைக் காலம் முழுவதற்கும் உரிமையை ஒப்படைப்பதாக ஒரு பத்தி இருந்தது. வழக்கமான படிவம்தான், பலர் படிக்காமல் கையெழுத்திடுகின்றனர். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 19ஆம் பிரிவை ஒருமுறை வாசித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். உரிமை ஒப்படைப்பு எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஐந்தாண்டுகள் என்றும், நிலப்பரப்பு குறிப்பிடப்படாவிட்டால் இந்தியா என்றும் கொள்ளப்படும். நான் தமிழ் அச்சு வடிவத்துக்கு மட்டும் ஐந்தாண்டு உரிமை தருவதாக எழுதினேன். பதிப்பாளர் மறுக்கவில்லை. "கேட்டவங்க கம்மிம்மா, அதனால படிவம் அப்படியே இருக்கு" என்றார்.

அடுத்து ஆறு மாதங்கள் திருத்தி எழுதுவதில் கழிந்தன. முன்னாய்வுகள், ஆய்வு நெறிமுறை ஆகிய இரண்டு இயல்களும் முற்றாக நீங்கின. ஆய்வேட்டில் ஒவ்வொரு பத்தியும் தேர்வாளரை நோக்கி, "இதையும் படித்திருக்கிறேன்" என்று சான்று காட்டும். நூலின் வாசகருக்கு அந்தச் சான்று தேவையில்லை. அவருக்கு அடுத்து என்ன நடந்தது என்பது தெரிய வேண்டும். பதிப்பாசிரியர் முதிர்ந்தவர், பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். என் எழுத்துப்படியில் 'தகவலாளி' என்ற சொல் வந்த இடமெல்லாம் பென்சிலால் வட்டமிட்டிருந்தார். ஓரத்தில் ஒரே குறிப்பு: "இவர்கள் உங்களோடு பேசியவர்கள்தானே? அப்படியே எழுதலாமே." அச்சொல் 112 இடங்களில் வந்திருந்தது. ஒவ்வோரிடத்திலும் பேசியவர் யார், எந்தச் சூழலில் பேசினார் என்று எழுத வேண்டியதாயிற்று. அப்போதுதான் பெயர்களின் சிக்கல் எழுந்தது.

ஆய்வேட்டில் யாருடைய உண்மைப் பெயரும் இல்லை. பேசியவர்களின் அடையாளத்தை மறைக்க வேண்டும் என்பது எங்கள் துறையின் ஆய்வு அறநெறி. ஒப்புதல் படிவத்திலும் அவ்வாறே எழுதப்பட்டிருந்தது. ஆகவே பேசியவர்கள் அனைவரும் எழுத்தும் எண்ணுமாக மாறியிருந்தனர். நூல் வரப்போகிறது என்று கரக்பூருக்குச் செய்தி போனதும் ஒரு முதியவர் தொலைபேசியில் அழைத்தார். பணிமனையில் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய தந்தையும் அதே பணிமனையில் கொல்லராக இருந்தவர். "ஏம்மா, புத்தகத்துல எங்க அப்பா பேரு வருமா?" என்றார். படிவத்தில் உள்ளதை விளக்கினேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சம்பளப் பட்டியலைத் தவிர வேற எங்கயும் அவர் பேரு எழுதி நான் பாத்ததில்ல. அதுலயும் தப்பாத்தான் எழுதியிருந்தான்" என்றார்.

அவர் பெயரை மறைப்பது யாருடைய பாதுகாப்புக்காக என்று எனக்கு விளங்கவில்லை. பதிப்பாசிரியரிடம் கேட்டேன். "பெயரைப் போட வேண்டுமென்றால் ஒவ்வொருவரிடமும் தமிழில் எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கி வா. ஒருவர் விடுபட்டாலும் எனக்கு ஒப்பாது" என்றார். ஹவுராவிலிருந்து கரக்பூர் ஏறத்தாழ 115 கிலோமீட்டர். ஐந்து மாதங்களில் பதினான்கு முறை சென்று வந்தேன்.

43 பேரில் அறுவர் அதற்குள் காலமாகியிருந்தனர். எஞ்சிய 37 பேரில் 29 பேர் தம் பெயரைப் போடச் சொன்னார்கள். ஐவர் மாற்றுப் பெயரே போதும் என்றனர். மூவர் பெயரைப் போடலாம், தாம் சொன்னவற்றுள் சில வரிகளை மட்டும் நீக்கிவிட வேண்டும் என்றனர். மேலதிகாரி ஒருவரைப் பற்றியது, ஒரு கடனைப் பற்றியது, ஒரு திருமணத்தைப் பற்றியது. நீக்கினேன். மறைந்த அறுவரில் நால்வரின் பிள்ளைகள் இசைந்தனர். ஒரு குடும்பத்தில் அண்ணன் சரி என்றார், தம்பி வேண்டாம் என்றார். வேண்டாம் என்றவர் சொல்லையே ஏற்றுக்கொண்டேன். இன்னொரு குடும்பம் குடியிருப்பைக் காலி செய்து எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை.

ஆய்வேட்டில் என் தேர்வாளர்கள் இருவருமே சிறப்பாகக் குறிப்பிட்ட பதினொரு பக்கங்கள் உண்டு. பணியில் இறந்த கணவரின் வேலையைக் கருணை அடிப்படையில் பெறுவதற்கு ஒரு பெண் நடத்திய போராட்டம் அது. எதிர்த்து நின்றவர்கள் அலுவலகத்தில் மட்டும் இல்லை. புகுந்த வீட்டிலும் இருந்தார்கள். அவரிடம் அப்பக்கங்களைத் தமிழில் படித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டார். "எல்லாம் நான் சொன்னதுதான். ஒரு வார்த்தை கூட மாறல. ஆனா கொழுந்தன் வீடு அடுத்த தெருவுலதான் இருக்கு. நான் போனதுக்கப்புறம் போட்டுக்கோம்மா" என்றார்.

பெயரை மாற்றிவிட்டு வெளியிடலாம் என்று நண்பர்கள் சிலர் சொன்னார்கள். ஆய்வேட்டில் அப்படித்தானே இருக்கிறது, எவரும் பார்க்கக்கூடிய இடத்தில்தானே இருக்கிறது என்பது அவர்கள் வாதம். அந்த ஆய்வேடு ஆங்கிலத்தில் இருக்கிறது. அவருடைய தெருவில் அதைத் தேடிப் படிப்பவர் எவருமில்லை. தமிழ் நூலோ அத்தெருவுக்கே போகப்போகிறது. கணவர் எந்த ஆண்டில், எந்தப் பிரிவில், எப்படி இறந்தார் என்ற மூன்று செய்திகள் போதும். அரைப் பக்கத்துக்குள் யாரென்று தெருவே கண்டுகொள்ளும். அச்செய்திகளை எல்லாம் மாற்றினால் அது அவர் கதையாக இராது, நான் புனைந்த கதையாகிவிடும். பதினொரு பக்கங்களையும் எடுத்துவிட்டேன். நூலின் மிகச் சிறந்த பகுதி நூலில் இல்லை என்பதை நான் அறிவேன். அதை வாசிக்காமலே சிலர் நூலைப் பற்றித் தீர்ப்புச் சொல்லப்போகிறார்கள் என்பதையும் அறிவேன். அவர் அங்கே இன்னும் பல ஆண்டுகள் வாழ வேண்டும்.

ஆய்வேட்டை மூன்று, நான்கு பேர் படிக்கிறார்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு ஒரு பிற்பகலில் விடை சொல்லிவிடலாம். நூல் எவர் கைக்கும் போகும். யாரைப் பற்றி எழுதினோமோ அவர்கள் கைக்கும் போகும். பதிப்புப் பணி என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, அந்த வாசகர்களுக்கு முன்கூட்டியே விடை சொல்லும் வேலைதான் என்று இப்போது நினைக்கிறேன்.

படங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு படம் நம் கையில் இருப்பதாலேயே அதன் பதிப்புரிமை நமக்கு வந்துவிடாது. ஆனால் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன நிழற்படத்துக்கு, வேறு உடன்பாடு இல்லாதபோது, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்று 17ஆம் பிரிவு சொல்கிறது. பழைய ஸ்டூடியோ படங்களை அச்சிட நான் குடும்பங்களிடமே எழுதி வாங்கியது அதனால்தான். வாட்சப்பில் அனுப்பப்பட்ட படங்கள் சுருங்கிவிடும், அச்சுக்கு உதவா. அச்சாகும் அளவில் அங்குலத்துக்கு 300 புள்ளிகளாவது வேண்டும். ஆகவே சட்டகத்திலிருந்து கழற்றி நேரில் வருடியெடுக்க வேண்டும். அறுபது ஆண்டுகளாகக் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைக் கழற்றக் கூடாது. கண்ணாடியோடு சேர்த்து, வெளிச்சம் பட்டுத் தெறிக்காத கோணத்தில் நிழற்படம்தான் எடுக்க வேண்டும். இதை எனக்குக் கற்றுத்தந்தவர் கரக்பூரில் படங்களுக்குச் சட்டமிடும் கடைக்காரர்.

அச்சுக்கோப்புக்கு வருவோம். நான் ஒருங்குறியில் தட்டச்சு செய்திருந்தேன். வடிவமைப்பாளர் இருபது ஆண்டுகளாகப் பழகிய பேஜ்மேக்கரையும் பழைய எழுத்துருவையுமே பயன்படுத்துகிறார். பேஜ்மேக்கருக்கு ஒருங்குறி தெரியாது. பழைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் தமிழ் எழுத்துகள் குடியிருக்கும். எனவே மாற்றியபோது என் அடிக்குறிப்புகளில் இருந்த ஆங்கிலச் சொற்கள் எல்லாம் பொருளற்ற தமிழ் எழுத்துக் கோவைகளாயின. அவற்றை ஒவ்வொன்றாகக் கண்டெடுத்து எழுத்துருவை மாற்ற வேண்டும். மூன்று வார வேலை. அதை அவர்தாம் செய்தார்; நூலின் அட்டையில் அவர் பெயர் வராது.

மெய்ப்பு மூன்று முறை வந்தது. முதல் மெய்ப்பில் ஊரின் பெயர் எல்லா இடங்களிலும் 'கோரக்பூர்' ஆகியிருந்தது. மெய்ப்புத் திருத்துநர் நல்ல எண்ணத்தோடு செய்த திருத்தம். அவர் அறிந்த ரயில் ஊர் உத்தரப் பிரதேசத்தில் இருந்தது. அவரே, நான் பலமுறை படித்தும் என் கண்ணில் படாத நூற்றுக்கணக்கான சந்திகளைச் சரிசெய்தார் என்பதையும் சொல்ல வேண்டும். தன் எழுத்தைத் தானே மெய்ப்புப் பார்ப்பவர் தாளில் உள்ளதைப் படிப்பதில்லை, மனத்தில் உள்ளதைத்தான் படிக்கிறார். இன்னொருவர் கண் கட்டாயம் வேண்டும்.

அந்த மூன்றாம் மெய்ப்பில் பக்கங்கள் 231 ஆயின. நூல் பதினாறு பக்கங்கள் கொண்ட பாரங்களாக அச்சாகிறது. பதினான்கு பாரம் என்றால் 224 பக்கங்கள். பதினைந்து என்றால் 240. ஏழு பக்கங்களுக்காக ஒரு பாரம் கூட்டினால் விலையும் கூடும். "எதையாவது குறைம்மா. பின்னால பெயர்ப் பட்டியல் ஒன்று நீளமாகப் போகிறதே" என்றார் பதிப்பாளர். அவர் சுட்டியது பேசியவர்களின் பெயர், பிறந்த ஆண்டு, பணிப்பிரிவு அடங்கிய நான்கு பக்கங்கள். நான் என் முன்னுரையை ஒன்பது பக்கங்களிலிருந்து இரண்டாகச் சுருக்கினேன். முன்னுரை அதனால் மேம்பட்டது என்பதே உண்மை.

பெயரடைவு ஆய்வேட்டுக்குத் தேவைப்படவில்லை, நூலுக்குத் தேவை. கடைசி மெய்ப்பு முடிந்து பக்க எண்கள் உறுதியான பின்னரே அதைத் தொடங்க முடியும். முடிக்கக் கிடைப்பது ஒரு வாரம். கணினி வரிசைப்படுத்தித் தரும் என்று நம்பிவிடாதீர்கள். ஒருங்குறி அட்டவணையில் 'ன' எழுத்து 'ந'வை அடுத்தும், 'ற' எழுத்து 'ர'வை அடுத்தும் இடம்பெற்றுள்ளன; அவ்வெண் வரிசைப்படி அடுக்கும் செயலியில் நம் அகரவரிசை குலைந்துவிடும். ஒரே பெயர் கொண்ட ஐவர் இருந்தனர். அவர்களைப் பிரித்துக் காட்ட, அவ்வூரார் சொல்வது போலவே பெயருக்குப் பின் 'லோகோ ஷெட்', 'பாய்லர் ஷாப்' என்று சேர்த்தேன். ஃபிட்டர் ஐயாவின் தந்தை பெயரைப் பணிப்பதிவேட்டின் எழுத்துக்கூட்டலில் எழுதாமல், மகன் சொன்னபடி எழுதினேன். அடைவில் அப்பெயருக்கு நேராக ஆறு பக்க எண்கள் இருக்கின்றன.

இனிப் பணம். நூலின் விலை 280 ரூபாய். முதல் அச்சு 300 படிகள். விற்பனையாளருக்கு 35 விழுக்காடு கழிவு, அதாவது 98 ரூபாய். எனக்குப் பத்து விழுக்காடு உரிமைத்தொகை, 28 ரூபாய். எஞ்சும் 154 ரூபாயில் தாள், அச்சு, கட்டு, அச்சுக்கோப்பு, மெய்ப்பு, அட்டை, கிடங்கு, அஞ்சல் எல்லாம் அடங்க வேண்டும். அச்சிட்ட நூலுக்குச் சரக்கு சேவை வரி இல்லை. தாளுக்கும் அச்சுக்கூலிக்கும் உண்டு, அதைப் பதிப்பாளர் திரும்பப் பெறவும் வழியில்லை. எனக்கு இலவசமாகக் கிடைப்பவை பத்துப் படிகள். மற்ற 290 படிகளும் விற்றால் என் பங்கு 8,120 ரூபாய். பேசியவர்களின் வீடுகளுக்குக் கொடுக்க நாற்பது படிகளை 40 விழுக்காடு கழிவில் வாங்குகிறேன். அதற்கு 6,720 ரூபாய். மீதி 1,400. பதினான்கு பயணங்களை நான் கணக்கில் சேர்க்கவில்லை. இந்தக் கணக்கைப் பார்த்து எவரும் சோர்ந்துவிட வேண்டாம். முன்கூட்டியே தெரிந்திருந்தால் பதிப்பாளரோடு மனக்கசப்பு வராது என்பதற்காகவே எழுதுகிறேன்.

ஆய்வு தொடங்கும் நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்று. உங்கள் ஒப்புதல் படிவத்தில் இன்றே இரண்டு கேள்விகளைச் சேருங்கள்: 'இது பிற்காலத்தில் உங்கள் மொழியில் நூலாக வந்தால் உங்களுக்குச் சம்மதமா? அதில் உங்கள் பெயர் வர வேண்டுமா?' அவர்கள் மொழியிலேயே கேளுங்கள். விடை மாறக்கூடும் என்பதால் அச்சுக்குப் போகுமுன் மறுபடியும் கேளுங்கள்.

1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி, வெளியான முப்பது நாட்களுக்குள் பதிப்பாளர் கொல்கத்தாவின் தேசிய நூலகத்துக்கும் சென்னையின் கன்னிமாரா நூலகத்துக்கும், மும்பையிலும் தில்லியிலும் உள்ள நூலகங்களுக்கும் படிகளை அனுப்ப வேண்டும். அலிப்பூரில் நான் ஆண்டுக்கணக்காக வாசித்த தமிழ் நூல்களில் பல இச்சட்டத்தின் வழியே அங்கு வந்து சேர்ந்தவை. என் நூலும் அவற்றோடு சேரும். கரக்பூருக்கான நாற்பது படிகளை அஞ்சலில் அனுப்ப வேண்டாம் என்று பதிப்பாளரிடம் சொல்லிவிட்டேன். கட்டு வந்ததும் நானே கொண்டுபோகிறேன். அவற்றுள் ஒரு படி, தன் கதை இடம்பெறாத அந்த அம்மாவுக்கு.